அப்பா உள்ளே இருக்கிறார்: பிள்ளைக்கு இதில் என்ன உரிமை?

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் அப்பா நான்கு மாதமாகச் சிறையில் இருக்கிறார். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது வாயே திறப்பதில்லை, இது எங்கே கொண்டுபோய் விடும் என்பது முதல் கேள்வி. இரண்டாவது, ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னது: “தப்பு செய்தவன் உள்ளே போகிறான். இதில் பிள்ளைக்கு உரிமை எங்கிருந்து வந்தது? பிள்ளை இருக்கிறது என்று எல்லாரையும் விட்டுவிட முடியுமா?” அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை என்கிறீர்கள். கைதிகளின் குடும்பங்களோடு பதினான்கு வருடமாக வேலை செய்கிறவன் நான். பிள்ளையிடமிருந்தே தொடங்குகிறேன். அதைச் சரியாகப் பார்த்துவிட்டால் உங்கள் சக ஆசிரியருக்குப் பாதி பதில் அதிலேயே வந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், அப்போது அவனுக்கு ஆறு வயது. விடியற்காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். அம்மா அடுப்படியில், அப்பா தூக்கத்தில். இவன்தான் ஓடிப்போய் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் திறந்தான். பத்தே நிமிடத்தில் அப்பாவை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் எட்டு மாதம், யார் கதவைத் தட்டினாலும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். போலீஸ் பயம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். ஒரு நாள் படம் வரைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான்: “நான்தானே கதவத் திறந்தேன். திறக்காம இருந்திருந்தா அவங்க திரும்பிப் போயிருப்பாங்க.” அத்தனை நாளும் அந்தக் குற்றத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறான். அந்த வயதில் வீட்டில் எது நடந்தாலும் அதற்குத் தானே காரணம் என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும். “இது உன்னால் நடந்ததில்லை” என்று யாராவது உட்கார வைத்துச் சொல்லும்வரை, அதுவாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளும்.

கைது செய்யும் விதத்திலேயே இதில் பாதியைத் தவிர்க்கலாம். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று முன்கூட்டியே விசாரிப்பது, முடிந்தால் அவர்கள் பள்ளிக்குப் போன நேரமாகப் பார்த்து வருவது, விலங்கு மாட்டுவது பிள்ளை கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது, பயப்படாதே என்று அப்பா ஒரு வார்த்தை சொல்ல விடுவது, பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறோம் என்று உறுதி செய்துகொள்வது. சர்வதேசக் காவல்துறைத் தலைவர்கள் சங்கம் அமெரிக்கக் காவல் நிலையங்களுக்காக 2014-ல் வெளியிட்ட மாதிரி நடைமுறை ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. ஆயுதத்தோடு ஒருவர் பதுங்கியிருக்கும் வீட்டில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது, அது புரிகிறது. ஆனால் எல்லாக் கைதும் அப்படி நடப்பதில்லையே.

அடுத்து வருவது துக்கம். யாரும் துக்கம் என்று ஒத்துக்கொள்ளாத துக்கம். அப்பா இறந்துபோனால் ஊரே வீடு தேடி வரும், பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுக்கும். அப்பா ஜெயிலுக்குப் போனால் அதே ஆட்கள் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அமெரிக்க உளவியல் ஆய்வாளர் பாலின் பாஸ், ஆள் உயிரோடு இருந்தும் கூட இல்லாத நிலைக்குத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயர் வைத்தார். எப்போது திரும்பி வருவார் என்று தெரியாது, அழுது தீர்ப்பதா, காத்திருப்பதா என்றும் தெரியாது. உங்கள் மாணவி பேசாமல் இருப்பதை யாராவது அடம் என்றோ திமிர் என்றோ சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் விட்டுப்போன பழக்கமாகிய படுக்கையை நனைப்பதை மறுபடி தொடங்கும். சில அடிதடிக்குப் போகும். சில பிள்ளைகள் ஒரே மாதத்தில் பெரியவர்கள் மாதிரி நடந்துகொள்ளத் தொடங்கிவிடும்: தம்பியைக் குளிப்பாட்டும், அம்மா அழுதால் தேற்றும், தனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லும். எனக்கு அதிகக் கவலை தருவது இந்தக் கடைசி வகைதான். எல்லாரும் மெச்சுவார்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

வீட்டில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தீர்களா? ‘வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார்’ என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில். நல்ல எண்ணத்தில் சொல்லும் பொய். ஆனால் பிள்ளைக்கு உண்மை எப்படியும் தெரிந்துவிடும். பெரும்பாலும் விளையாட்டில் சண்டை வரும்போது, பக்கத்து வீட்டுப் பையன் வாயிலிருந்து தெரியவரும். அப்பா போனதோடு, மிச்சமிருக்கும் வீட்டு மனிதர்கள்மேல் இருந்த நம்பிக்கையும் அன்றைக்குப் போய்விடும். சின்னப் பிள்ளைக்கு நீளமாகச் சொல்லத் தேவையில்லை. “அப்பா ஒரு தப்பு செய்தார் என்று சொல்கிறார்கள். அது உண்மையா என்று நீதிபதி பார்க்கிறார். அதுவரை அப்பா ஓர் இடத்தில் இருக்க வேண்டும். அங்கே சாப்பாடு உண்டு, படுக்க இடம் உண்டு. உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. நீ ஒன்றும் செய்யவில்லை.” இவ்வளவு போதும். மற்றதை அதுவே அதன் வேகத்தில் கேட்கும்.

வீட்டுக்குள் நடப்பதையும் சேர்த்துப் பாருங்கள். சம்பாதிக்கிறவர் போய்விட்டால் வருமானம் நின்றுபோகும். வக்கீல் செலவும் சிறைக்குப் போய்வரும் செலவும் புதிதாக வந்து சேரும். வாடகை பாக்கி விழும், வீடு மாறும், வீட்டோடு பள்ளியும் மாறும். அப்பா உள்ளே போனால் பிள்ளைகள் பெரும்பாலும் அம்மாவோடு இருப்பார்கள். அம்மா உள்ளே போனால் குடும்பமே கலைந்துவிடும். ஒரு பிள்ளை பாட்டியிடம், ஒன்று சித்தியிடம், ஒன்று விடுதியில் என்று கூடப்பிறந்தவர்களும் பிரிந்துபோவார்கள். பிள்ளைக்கு அம்மாவும் இல்லை, தம்பியும் இல்லை.

இதெல்லாம் எங்கே கொண்டுபோய் விடும் என்ற உங்கள் கேள்விக்கு, நான் எல்லாரிடமும் சொல்லும் இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன. தென் லண்டனில் உழைக்கும் மக்கள் வாழ்ந்த பகுதியில் வளர்ந்த 411 பையன்களைச் சிறு வயதிலிருந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலோர் 1953-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அந்தத் தகவல்களை வைத்து ஜோசப் மரே, டேவிட் ஃபாரிங்டன் இருவரும் 2005-ல் ஓர் ஒப்பீடு செய்தார்கள். பத்து வயதுக்குள், பெற்றோர் சிறைக்குப் போனதால் பிரிந்த பிள்ளைகளை, நோய், இறப்பு போன்ற வேறு காரணங்களால் பிரிந்தவர்களோடு வைத்துப் பார்த்தார்கள். சிறையால் பிரிந்தவர்கள்தான் பிற்காலத்தில் அதிகம் தடம் மாறினார்கள். பிரிந்திருப்பது ஒன்றே காரணமாக இருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்காது. சிறை என்பதில் இருக்கும் வேறு ஏதோ ஒன்று, அவமானமோ வறுமையோ மௌனமோ, பிள்ளையைத் தாக்குகிறது.

இதே ஆய்வாளர்கள் 2007-ல் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு ஸ்வீடனில், அதே 1953-ல் பிறந்த பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் பெற்றோர் சிறை சென்ற பிள்ளைகள் குற்றத்துக்குப் போனது அதிகம்தான். ஆனால் அந்தப் பெற்றோர் எவ்வளவு குற்றம் செய்தவர்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, சிறைவாசத்தால் தனியாக வந்த பாதிப்பு என்று எதுவும் தேறவில்லை. ஏன் என்பதற்கு அவர்கள் முன்வைத்த விளக்கங்கள்: குடும்பத்தைப் பார்க்க வசதி செய்து தரும் சிறைகள், வலுவான சமூகநலத் திட்டங்கள், இந்தக் குடும்பங்களை அவ்வளவு வெறுப்போடு பார்க்காத சமூகம். இதைப் படித்த அன்று எனக்கு ஒரு பாரம் இறங்கியது. பிறந்த வருடம் ஒன்று, பெற்றோருக்கு நேர்ந்தது ஒன்று, நாடு மட்டும் வேறு. அப்படியென்றால் பிள்ளைக்கு வரும் கேடு தலையெழுத்தாக இருக்க முடியாது, சுற்றியிருக்கும் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில் பெரும்பங்கு இருக்கிறது. உங்கள் மாணவியும் இதே காரணத்தால் கெட்டுப்போகப் போகிறாள் என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சில வீடுகளில் அப்பா போன பிறகுதான் பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறது. அடித்தவர், சீரழித்தவர் உள்ளே இருப்பதுதான் அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு. அங்கே பார்க்கப் போகமாட்டேன் என்று சொல்வதும் பிள்ளையின் உரிமைதான். எந்த வீடு எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமென்றால் பிள்ளையிடம் கேட்க வேண்டும். அதை யாரும் செய்வதில்லை என்பதுதான் என் பெரிய குறை.

சரி, உங்கள் சக ஆசிரியரின் கேள்விக்கு வருவோம். குழந்தைகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989-ல் நிறைவேறியது. ஐ.நா. உறுப்பு நாடுகளில் அமெரிக்காவைத் தவிர எல்லா நாடுகளும் அதற்குக் கட்டுப்பட ஒப்புக்கொண்டவை. அதன் 9-ஆவது ஷரத்தில் மூன்றாம் பத்தி, பெற்றோரைப் பிரிந்திருக்கும் பிள்ளைக்கு அவர்களோடு நேரடியாகவும் தொடர்ச்சியாகவும் உறவு வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்கிறது. பிள்ளையின் நலனுக்குக் கேடு என்றால் மட்டும் விதிவிலக்கு. நான்காம் பத்தி சிறையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: அரசே ஒருவரைப் பிடித்து அடைத்ததால் பிரிய நேர்ந்தால், அவர் எங்கே இருக்கிறார் என்ற தகவலைக் கேட்கும்போது அரசு தர வேண்டும். 2-ஆவது ஷரத்து, பெற்றோர் செய்த காரியத்துக்காகப் பிள்ளையைப் பாகுபடுத்துவதோ தண்டிப்பதோ கூடாது என்கிறது. பிள்ளையைப் பாதிக்கும் முடிவுகளில் பிள்ளையின் நலனை முதன்மையாகப் பார்க்கச் சொல்வது 3-ஆவது, பிள்ளை சொல்வதைக் கேட்கச் சொல்வது 12-ஆவது. இவற்றில் எங்கேயும் கைதிக்குச் சலுகை கொடு என்று ஒரு சொல்கூட இல்லை. எல்லாம் பிள்ளையின் பெயரில் இருக்கும் உரிமைகள்.

இந்த ஒரு புள்ளியில்தான் பல நாட்டு நிர்வாகங்களும் தடுமாறுகின்றன. சிறைச் சந்திப்பைக் கைதியின் நன்னடத்தைக்குக் கொடுக்கும் பரிசாகவே நடத்துகிறார்கள். ஒழுங்காக இருந்தால் கூடுதல் நேரம், தகராறு செய்தால் ரத்து. ரத்தாகிறதே, அது யாருடைய சந்திப்பு? அறையில் அடிதடி செய்தவர் அப்பா, அந்த மாதம் அப்பாவைப் பார்க்க முடியாமல் போவது ஒன்பது வயது மகள்.

அப்படி ஒரு ஒன்பது வயதுப் பெண்ணோடு நான் சில முறை போயிருக்கிறேன். அப்பாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் நோட்டுத் தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு வருவாள். பல் விழுந்தது, கணக்கில் எவ்வளவு வாங்கினாள், பூனை குட்டி போட்டது. நடுவில் கண்ணாடி, இந்தப் பக்கம் ஒரே ஒரு ரிசீவர், மொத்தம் இருபது நிமிடம். ஜாமீன், வக்கீல், கடன் என்று அம்மா பேசி முடிப்பதற்குள் பதினெட்டு நிமிடம் போய்விடும். அம்மாவைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் அந்த இருபது நிமிடம்தான். ரிசீவர் இவள் கைக்கு வரும்போது காவலர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். “நல்லா இருக்கியாப்பா?” “இருக்கேன் கண்ணு.” அவ்வளவுதான். வெளியே வந்ததும் அந்தத் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள். அடுத்த முறையும் அதே தாளோடு வந்தாள். கீழே நான்கு வரி கூடியிருந்தது.

இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, நேர்மாறாகத்தான் இருக்கிறது. 2010-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பாங்காக் விதிகள், பெண் கைதிகளுக்குத் தண்டனையாகக் குடும்பத் தொடர்பைத் தடை செய்யக் கூடாது, குறிப்பாகப் பிள்ளைகளோடு உள்ள தொடர்பை, என்கின்றன. தாயும் பிள்ளையும் தொட்டுப் பேசும்படி சந்திப்பு இருக்க வேண்டும் என்றும், சோதனை போடும்போது பிள்ளையின் கண்ணியம் கெடக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. 2015-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் அந்தத் தடையை எல்லாக் கைதிகளுக்கும் விரித்தன: பாதுகாப்புக்காகக் குறுகிய காலம் கட்டுப்படுத்தலாம், தண்டனையாகத் தடுக்கக் கூடாது. முடிந்தவரை வீட்டுக்குப் பக்கத்துச் சிறையில் வைக்கவும் சொல்கின்றன. ஐரோப்பிய கவுன்சில் 2018-ல் தந்த பரிந்துரை இன்னும் தெளிவு: கைதான ஒரு வாரத்துக்குள் பிள்ளையைப் பார்க்க விட வேண்டும், பிறகு பொதுவாக வாரம் ஒரு முறை. டென்மார்க்கிலும் நார்வேயிலும் கைதிகளின் பிள்ளைகள் விஷயத்தைக் கவனிக்கவே சிறைகளில் அலுவலர்கள் இருக்கிறார்கள். சிறைகள் இவற்றால் இடிந்து விழுந்துவிடவில்லை.

‘பிள்ளை இருந்தால் விட்டுவிடுவதா’ என்பதற்கு மிக நல்ல பதில் தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 2007-ல் தந்த தீர்ப்பு. மூன்று மகன்களைத் தனியாக வளர்த்த ஒரு தாய், கிரெடிட் கார்டு மோசடிகளைத் திரும்பத் திரும்பச் செய்தவர். கீழ் நீதிமன்றங்கள் சிறை என்றன. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆல்பி சாக்ஸ், இனவெறி ஆட்சியில் தானே தனிமைச் சிறையில் கிடந்தவர். பிள்ளை பெற்றோரின் ஒட்டுத்துண்டு அல்ல, தனக்கென்று கண்ணியம் உள்ள தனி ஆள் என்று எழுதினார். பிள்ளை இருப்பதைக் காட்டித் தப்பிக்கலாம் என்றும் அவர் சொல்லவில்லை. குற்றம் சிறையைத் தவிர வேறு வழியில்லாததாக இருந்தால், சிறைக்கு அனுப்பும் முன் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நீதிமன்றம் விசாரித்து உறுதி செய்ய வேண்டும். வேறு தண்டனையும் பொருந்தும் என்றால், பிள்ளையின் நலன் அந்தப் பக்கம் எடை சேர்க்க வேண்டும். அந்த வழக்கில் தாயைத் திரும்பச் சிறைக்கு அனுப்பவில்லை. கண்காணிப்பில் வைத்தார்கள், சமூக சேவை செய்யச் சொன்னார்கள், ஏமாற்றிய பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். பணத்தை இழந்தவர்களுக்கும் இதில்தான் கையில் ஏதாவது கிடைத்தது.

உங்கள் மாணவியின் அப்பா விசாரணைக் கைதியா, தண்டனைக் கைதியா என்று நீங்கள் எழுதவில்லை. உலகச் சிறைகளில் இருப்பவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் இன்னும் தீர்ப்பே வராதவர். சட்டத்தின் கண்ணில் அவர் நிரபராதி, பிள்ளையின் கண்ணில் அவர் இல்லாமல் போனவர். இங்கே தண்டனைக் காலம் என்று ஒன்று இல்லாததால் “எப்ப வருவாரு?” என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அதுதான் பிள்ளையை அதிகம் அரிக்கும். ஜாமீன் கேட்கும் மனுவிலேயே பிள்ளைகள் யார், என்ன வயது, யார் பொறுப்பு என்று வக்கீல் எழுத வேண்டும், நீதிபதி கேட்க வேண்டும்.

தாயோடு சிறைக்குள்ளேயே வளரும் பிள்ளைகளைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். இங்கிலாந்தில் பொதுவாகப் பதினெட்டு மாதம் வரை, இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி ஆறு வயது வரை என்று நாட்டுக்கு நாடு எல்லை மாறுகிறது. உள்ளே இருக்கும் பிள்ளையை ஒருபோதும் கைதியாக நடத்தக் கூடாது என்பது விதி. எண்ணிக்கை எடுக்க வரும்போது அம்மா பக்கத்தில் தானும் விறைப்பாக எழுந்து நிற்கும் மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆப்பிரிக்கக் குழந்தைகள் உரிமைச் சாசனத்தில் கைதிகளின் பிள்ளைகளைப் பற்றிய 30-ஆவது ஷரத்தும் பாங்காக் விதிகளும் தாய்மாரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆனால் உலகக் கைதிகளில் பெண்கள் சுமார் 7 சதவீதம்தான். பிரிந்து நிற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்பாவுக்காகக் காத்திருப்பவர்கள். ஒருவர் சிறைக்குள் நுழையும்போது அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா, என்ன வயது, இப்போது யாரிடம் என்று பதிவு செய்ய மண்டேலா விதிகளில் 7-ஆவது சொல்கிறது. இந்த ஒரு கட்டத்தை நிரப்பினாலே பாதி வேலை நடந்துவிடும். பல இடங்களில் கைதியின் உடம்பில் இருக்கும் மச்சத்தை எழுதுவார்கள், மகளை எழுத மாட்டார்கள்.

நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். முதலில் வளர்ப்பவரிடம் பேசி, பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவளிடம் விசாரிக்காதீர்கள், கதவை மட்டும் திறந்து வையுங்கள்: “எனக்குத் தெரியும். நீயா பேசணும்னு நினைச்சா நான் இருக்கேன்.” மற்ற ஆசிரியர்களிடம் அவசியத்துக்கு மேல் சொல்லாதீர்கள். ‘என் அப்பா’ என்று கட்டுரை எழுதச் சொல்லும் நாளில், ‘எனக்குப் பிடித்த ஒருவர்’ என்று தலைப்பை வகுப்பு முழுவதற்கும் மாற்றிவிடுங்கள். சிறைக்குப் போய்வந்த மறுநாள் அவள் களைத்தோ எரிந்து விழுந்தோ இருப்பாள், அன்றைக்கு வீட்டுப்பாடத்தை விட்டுவிடுங்கள். சந்திப்பு நாளில் விடுப்பு கேட்டால் காரணம் எழுதச் சொல்லாமல் கொடுங்கள். அவள் அப்பா விடுதலையாகி வந்த பிறகும் சில மாதம் கவனியுங்கள். விட்டுப்போன குட்டிப் பெண்ணையே தேடி அவர் வருவார், அவள் அதற்குள் வேறு ஆளாக வளர்ந்திருப்பாள்.

அப்புறம், அப்பாவோடு தொடர்பு இருப்பது அவளுக்கு நல்லது என்றால், வீட்டில் சம்மதித்தால், அவளிடமும் கேட்டுவிட்டு, மதிப்பெண் அட்டையின் நகல் ஒன்றையும் அவள் வரைந்த ஒரு படத்தையும் தபாலில் அவருக்கு அனுப்புங்கள். பல சிறைகளில் கடிதங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், போய்ச் சேர நாளாகும், பதில் வரவும் நாளாகும். அதை அவளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அடுத்த நாளே வந்து பதில் வந்ததா என்று கேட்பாள்.